ஜன்னல் திறப்புத் தடுப்பான்களின் வரலாறு

ஜன்னல் திறப்புத் தடுப்பான் என்பது ஒரு ஜன்னலை முழுவதுமாகத் திறக்கவிடாமல், காற்று வரும் அளவுக்குச் சிறிது மட்டும் திறந்து நிற்கச் செய்யும் கருவியாகும். உலோகக் கொக்கி, மடங்கும் கை, பிளாஸ்டிக் உறையிட்ட எஃகு வடம் எனப் பல வடிவங்களில் இது கிடைக்கிறது. ஒரு முனை ஜன்னலின் நிலைச்சட்டத்திலும் மறுமுனை திறக்கும் கதவிலும் பொருத்தப்படும். சாவியிட்டுப் பூட்டும் வகைகளில், சாவி இல்லாமல் கதவை மேலும் திறக்க இயலாது. பிரிட்டனில் வழக்கமாக அனுமதிக்கப்படும் இடைவெளி 100 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ நான்கு அங்குலம். ஒரு சிறு குழந்தையின் உடல் நுழைய முடியாத அளவு என்பதே இதற்கு அடிப்படை.

தமிழ்நாட்டு வீடுகளில் ஜன்னலுக்கு இரும்புக் கம்பி வைப்பது வழக்கம். கம்பி இருக்கும்போது கதவை எவ்வளவு திறந்து வைத்தாலும் திருடன் நுழைய முடியாது, குழந்தையும் விழாது. எனவே இக்கருவிக்கு இங்கு அதிகத் தேவை ஏற்படவில்லை. இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் கம்பியில்லா ஜன்னலே பொது வழக்கு. ஆகவே அங்கு ஜன்னலைத் திறந்தால் காற்றோடு ஆபத்தும் வரும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது.

காற்றுக்காக நடந்த போராட்டம்

ஜன்னலைக் குறைவாகத் திறக்கச் சொல்லும் சட்டங்களுக்கு முன்னர், ஜன்னல் வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் சட்டங்கள் வந்தன. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை வீட்டிலுள்ள ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பொறுத்து வரி வசூலிக்கப்பட்டது. வரிக்கு அஞ்சிப் பலர் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். வரி நீக்கப்பட்டு எட்டு ஆண்டுகள் கழித்து, 1859இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் செவிலியப் பணி குறித்து எழுதிய நூலில், நோயாளி சுவாசிக்கும் காற்று வெளிக்காற்றைப் போலத் தூய்மையாக இருப்பதே முதல் விதி என்றார். நோயாளிக்குக் குளிர் தாக்காமல் இதைச் செய்யவேண்டும் என்பதும் அவ்விதியின் பகுதி. இரவுக் காற்று தீயது என்ற அக்கால நம்பிக்கையை அவர் மறுத்தார். பெருநகரங்களில் இரவுக் காற்றே பெரும்பாலும் தூய்மையானது என்பது அவர் வாதம்.

நியூயார்க் நகரின் ஏழைகள் வாழ்ந்த நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில் ஜன்னலே இல்லாத உள்ளறைகள் ஏராளமாக இருந்தன. காசநோய் பரவியது. 1901ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், புதிதாகக் கட்டப்படும் இத்தகைய வீடுகளில் ஒவ்வோர் அறைக்கும் வெளிக்காற்றை நோக்கிய ஜன்னல் வேண்டும் என்று விதித்தது. பொது நலத்துறையில் அது பெரிய வெற்றி. எனினும் மாடிகள் உயர உயர, அதே ஜன்னல் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது.

"குழந்தைகளால் பறக்க முடியாது"

1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் மேல்மாடி ஜன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுந்து இறப்பது சுகாதாரத் துறையின் கவனத்துக்கு வந்தது. கோடையில்தான் இவை மிகுதியாக நிகழ்ந்தன. குளிர்சாதன வசதி இல்லாத ஏழைக் குடும்பங்களுக்கு ஜன்னலைத் திறந்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தாய் அடுக்களையில் இருக்கும் சில நிமிடங்களில் கட்டிலின் மீதோ நாற்காலியின் மீதோ ஏறிக் குழந்தை எட்டிப் பார்க்கும். கொசுவலை தாங்கும் என்று பெற்றோர் நம்பியதும் உண்டு. பூச்சியைத் தடுக்கும் வலை குழந்தையின் எடையைத் தாங்காது.

1972இல் நகரச் சுகாதாரத் துறை "குழந்தைகளால் பறக்க முடியாது" என்ற திட்டத்தைத் தொடங்கியது. மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளும் காவல் நிலையங்களும் ஒவ்வொரு வீழ்ச்சியையும் தெரிவித்தன. பொது நலச் செவிலியர் அந்த வீடுகளுக்குச் சென்றனர். ஊடகங்களின் வழியாகவும் குடியிருப்புப் பகுதிகளில் நேரடியாகவும் பரப்புரை நடந்தது. இவற்றோடு, ஆபத்து மிகுந்த பகுதிகளில் சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு ஜன்னல் காப்புக் கம்பிகள் இலவசமாக வழங்கப்பட்டன. "கவனமாக இருங்கள்" என்ற அறிவுரையோடு நின்றுவிடாமல் கருவியையும் கையில் கொடுத்ததே இத்திட்டத்தின் சிறப்பு எனலாம். பிராங்ஸ் பகுதியில் 1973க்கும் 1975க்கும் இடையே இவ்வகை வீழ்ச்சிகள் பாதியாகக் குறைந்தன.

இந்த அனுபவத்தின் அடிப்படையில் 1976இல் நகரச் சுகாதார விதிகள் திருத்தப்பட்டன. 10 வயதும் அதற்குக் குறைவும் உள்ள குழந்தைகள் வாழும் அடுக்ககங்களில் ஜன்னல் காப்பு பொருத்துவது வீட்டு உரிமையாளரின் பொறுப்பாயிற்று. அமெரிக்காவில் இவ்வகையில் இதுவே முதல் சட்டம். ஆண்டுதோறும் ஜனவரியில் உரிமையாளர் குடியிருப்போருக்குப் படிவம் அனுப்பி, வீட்டில் குழந்தை உண்டா என்று கேட்க வேண்டும். தீ விபத்தின்போது வெளியேறும் இரும்புப் படிக்கட்டுக்குச் செல்லும் ஜன்னலுக்கு விலக்கு உண்டு.

1991 மார்ச் 20 அன்று இசைக்கலைஞர் எரிக் கிளாப்டனின் நான்கு வயது மகன் மன்ஹாட்டனில் 53ஆம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தான். இவ்வகை விபத்து ஏழைகளுக்கு மட்டும் உரியதன்று என்பதை உலகம் அப்போது உணர்ந்தது. கிளாப்டன் பின்னர் குழந்தைப் பாதுகாப்பு குறித்த அறிவிப்புப் படங்களில் தோன்றினார்.

ஆஸ்திரேலியாவின் விதிகள்

ஆஸ்திரேலியா காப்புக் கம்பிக்கு மாறாகத் தடுப்பானையே முதன்மையாக்கியது எனலாம். 2013இல் நடைமுறைக்கு வந்த கட்டட விதிகளின்படி, வெளித்தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேல் தளம் அமைந்த படுக்கையறைகளில், தாழ்வாக உள்ள ஜன்னல்கள் 125 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கக்கூடாது; அல்லது வலுவான திரை இருக்க வேண்டும். அக்கருவி 250 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். இது ஏறக்குறைய 25 கிலோகிராம் எடை தரும் விசைக்குச் சமம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் ஒரு படி மேலே சென்று, பழைய அடுக்ககங்களிலும் 2018 மார்ச் 13க்குள் இவற்றைப் பொருத்தக் கட்டளையிட்டது. செலவை உரிமையாளர் சங்கங்கள் ஏற்றன.

பிரிட்டன்: திருடன், தீ, வெப்பம்

பிரிட்டனில் இக்கருவியின் வரலாறு சற்றுச் சிக்கலானது. மேலும் கீழும் நகரும் பழைய மரஜன்னல்களில் பித்தளைத் திருகு ஒன்றைச் சட்டத்தில் பொருத்தி, கதவு சில அங்குலத்துக்கு மேல் நகராமல் நிறுத்தினர். குழந்தையைக் காப்பது மட்டுமல்லாமல், இரவில் திருடன் நுழைவதைத் தடுப்பதும் இதன் நோக்கம். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கருதுவது தவறு. குழந்தை தள்ளும் விசையைத் தாங்கும் கருவி, கடப்பாறையால் நெம்பும் திருடனைத் தாங்க வேண்டும் என்பதில்லை. சிறிது திறந்த ஜன்னல் அவனுக்கு நெம்புவதற்கு இடமும் தருகிறது. தரைத்தளத்தில் இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

தீ மற்றொரு சிக்கல். மாடி அறையிலிருந்து தப்பிக்க உதவும் ஜன்னலின் திறப்பு குறைந்தது 0.33 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டி கூறுகிறது. அதில் பூட்டும், குழந்தை விடுவிக்க முடியாத தடுப்பானும் பொருத்தலாம். பூட்டியிருந்தால் சாவி எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். புகை சூழ்ந்த இருளில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

2022 ஜூன் 15 அன்று, வீடுகள் மிகையாக வெப்பமாவதைத் தடுக்கும் புதிய விதி இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே, ஜூலை 19 அன்று, கோனிங்ஸ்பியில் 40.3 பாகை செல்சியஸ் பதிவானது. உறங்கும் நேரக் காற்றோட்டத்தைக் கணக்கிடும்போது, பாதுகாப்பாகத் திறந்து வைக்கக்கூடிய அளவை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது இவ்விதி. எளிதில் எட்டக்கூடிய படுக்கையறைகளுக்குப் பூட்டத்தக்க பலகணி அடைப்புகளையும் கம்பிவலைகளையும் அது பரிந்துரைக்கிறது. 100 மில்லிமீட்டர் இடைவெளியில் வரும் காற்று வெப்ப இரவுக்குப் போதாது என்பதே கட்டட வடிவமைப்பாளர் எதிர்கொள்ளும் நடைமுறைச் சிக்கல். இவ்விதி புதிதாகக் கட்டப்படும் குடியிருப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். பழைய வீடுகளில் குடியிருப்போர் கடையில் தடுப்பானை வாங்கித் தாமே திருகிப் பொருத்திக்கொள்கின்றனர்.