ஆர்.ஓ. நீர், கேன் நீர், கொதித்த நீர்: நோயாளி உள்ள வீட்டில் எது ஏற்றது?

வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகக் கோளாறோ உயர் இரத்த அழுத்தமோ இருப்பது தெரியவந்ததும், குடும்பத்தார் பலர் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கலாமா, கேன் வாங்க வேண்டுமா, ஆர்.ஓ. இயந்திரம் பொருத்த வேண்டுமா என்கிறார்கள். நீரிலிருந்து உப்பை நீக்குவதும் கிருமியை ஒழிப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதை அறிந்துகொண்டால், இக்கேள்விகளுக்கு விடை காண்பது எளிது.

சவ்வு செய்யும் வேலை

உப்பு நீக்கத்தைப் பெரிய அளவில் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள நெம்மேலியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-இல் தொடங்கப்பட்டது. அதனருகே 15 கோடி லிட்டர் திறனுள்ள மற்றொரு நிலையம் 2024-இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. மணலும் பாசியும் வடிகட்டப்பட்ட பின், மிகுந்த அழுத்தத்தில் அந்நீரை நுண்ணிய சவ்வின் வழியே செலுத்துகிறார்கள். நீர் ஊடுருவிச் செல்லும், உப்பு தங்கிவிடும். ஆர்.ஓ. என்பது இதுவே.

வேலை அத்துடன் முடிவதில்லை. சவ்வைக் கடந்த நீரில் தாதுக்களைச் சேர்த்து, குளோரினும் கலந்த பிறகே குழாயில் விடுகிறார்கள். உங்கள் சமையலறை இயந்திரத்திலும் இருப்பது இதே வகைச் சவ்வுதான். ஆனால் அங்கே கடைசிப் படியான குளோரின் சேர்த்தல் கிடையாது. அதைவிட, நகராட்சி நீரில் ஏற்கெனவே உள்ள குளோரினையும் இயந்திரத்தின் கரி வடிகட்டி நீக்கிவிடுகிறது. குளோரின் நீரின் காவலாளி. அது இல்லாத நீரைத் திறந்த குடத்தில் ஊற்றி, கைபடும் குவளையால் மொண்டால், குழாய் நீரைக் காட்டிலும் விரைவில் கெடும். ஆர்.ஓ. நீர் குடிக்கும் வீட்டிலும் மஞ்சள் காமாலையும் டைஃபாய்டும் வரக்கூடும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூடியும் திருகுகுழாயும் உள்ள கலத்தில் நீரைச் சேமியுங்கள், அன்றாடம் கழுவுங்கள். கேன் நீருக்கும் இதே விதி பொருந்தும்.

கொதிக்கவைத்தால் போதுமா?

கிருமிகளுக்குப் போதும். நீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் விட்டால் நோய்க்கிருமிகள் மடியும். உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவை மடிவன அல்ல. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அவற்றின் செறிவு கூடும். எனவே நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரை நெடுநேரம் காய்ச்சிக் கைக்குழந்தையின் பால்மாவில் கலப்பது தீங்கானது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் அன்றி நீரே தேவையில்லை.

உவர்நீரில் உள்ள சோடியத்தையும் கணக்கிட வேண்டும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் சோடியம் உள்ள நீரை நாளொன்றுக்கு மூன்று லிட்டர் குடித்தால், ஏறத்தாழ ஒன்றரை கிராம் உப்பு உண்டதற்குச் சமம். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்குப் பரிந்துரைக்கும் நாள் அளவே 5 கிராமுக்குக் குறைவுதான். சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டுக் குடிநீரில் அதைச் சேர்த்துக்கொள்வதில் பயனில்லை. உப்பைப் பயன்படுத்தி இயங்கும் மென்னீராக்கிகள் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுப்பவை. அந்நீர் குளிக்கவும் துவைக்கவும் நன்று. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர் அதைக் குடிக்க வேண்டாம்.

கடினநீரும் கல்லும்

கடினநீரைப் பற்றிக் காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையினருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டு நூலின் பசையைப் போக்கச் சோப்பு நீரில் அவிக்கும்போது, நீர் கடினமாக இருந்தால் நுரை எழாது, கசடு படியும். நூலுக்கு ஆகாத நீர் உடலுக்கும் ஆகாது என்ற எண்ணம் அதனால் வேரூன்றியிருக்கலாம். கடினநீர்தான் சிறுநீரகக் கல்லுக்குக் காரணம் என்பது உறுதியாக நிறுவப்படவில்லை. போதிய நீர் அருந்தாமையே பெரிய காரணம். தறியில் அமர்ந்தால் இடையில் எழ மனமின்றி மணிக்கணக்கில் தாகத்தை அடக்கும் நெசவாளருக்கு, ஆர்.ஓ. இயந்திரத்தை விடக் கையெட்டும் தூரத்தில் ஒரு குப்பி நீர் கூடுதல் நன்மை தரும்.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி, குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 வரை அனுமதி உண்டு. உங்கள் நீர் 500-க்குள் இருந்து, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவையும் வரம்புக்குள் இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை, கொதிக்கவைப்பதே போதும். விற்பனையாளர் நீரில் தோய்த்துக் காட்டும் டி.டி.எஸ். கருவி கிருமியையும் காட்டாது, ஃபுளோரைடையும் பிரித்துக் காட்டாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நீரைப் பரிசோதித்த பின் செலவு செய்யுங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு

நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றில், ஏறத்தாழ 120 லிட்டர் நீர்மம் மெல்லிய சவ்வுக்கு அப்பால் உங்கள் இரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. குடிக்கும் நீரைக் குடல் சலித்துக் கொடுக்கும். இங்கே அந்தக் காவல் இல்லை. அதனால்தான் டயாலிசிஸ் பிரிவுக்கென்று தனி ஆர்.ஓ. அமைப்பு இருக்கிறது; குழாய் நீரைக் காக்கும் குளோரினே இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால், அங்கே அது முழுமையாக நீக்கப்படுகிறது. நீரின் குளோரின் அளவு சோதிக்கப்பட்டதா என்று செவிலியரிடம் கேட்க நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

ஆர்.ஓ. நீர் தூயது என்பதற்காக அளவை மீறிக் குடிக்க வேண்டாம். மருத்துவர் நாளுக்கு ஒரு லிட்டர் என்றால், கஞ்சி, மோர், காபி, ரசம் எல்லாம் சேர்த்தே அந்த ஒரு லிட்டர். டயாலிசிஸின்போது குளிர் நடுக்கம், காய்ச்சல், வாந்தி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் தோன்றினால், முடியும்வரை பொறுக்காமல் உடனே ஊழியரிடம் சொல்லுங்கள். வீடு திரும்பிய பின் தோன்றினால் 108-ஐ அழையுங்கள்.