மெய்நிகர் உலகங்கள்: ஆய்வும் கற்பித்தலும்

மெய்நிகர் உலகம் என்பது கணினி வலையமைப்பில் இடைவிடாது இயங்கும் ஒரு புனைவெளி. பலர் ஒரே நேரத்தில் அதனுள் புகுந்து, அவதார் எனப்படும் உருவங்களில் நடமாடி, பேசி, பொருள்களைக் கட்டியும் கலைத்தும் பழகலாம். ஒருவர் வெளியேறிய பின்னும் அது இருக்கும். மறுநாள் வருபவர் முந்தைய நாள் கட்டியதைக் காண்பார். உடனிருப்போரும் நிலைபேறும் இல்லாதவை இவ்வகையில் சேரா. எனவே காணொளி வகுப்பும், மாணவர் தனியே அமர்ந்து இயக்கும் பாவனைச் சோதனையும் மெய்நிகர் உலகங்கள் அல்ல. இந்தியக் கல்லூரிகளில் ‘மெய்நிகர்’ என்னும் அடைமொழியுடன் வழங்குவன பெரும்பாலும் பின்னவையே.

தோற்றம்

முதல் மெய்நிகர் உலகமாகப் பலர் கருதுவது, 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ ஆகும். அமெரிக்காவின் பிளேட்டோ வலையமைப்பில் அதற்கு முன்பே பலர் சேர்ந்து ஆடிய விளையாட்டுகளும் இருந்தன. மட்டில் படம் கிடையாது. வடக்கே போகும்படி தட்டச்சிட்டால் அடுத்த அறையின் வருணனை திரையில் எழுத்தாக வரும். அங்கிருப்போரிடம் எழுதிப் பேசலாம். லூக்காஸ்ஃபிலிம் 1986-இல் வெள்ளோட்டம் விட்ட ‘ஹாபிடாட்’ இந்த வெளிக்கு வண்ணப்படங்களைக் கொண்டுவந்தது.

அறிஞர்கள் இதற்குள் குடியேறியது 1993-இல். ஊடக ஆய்வாளர்களுக்காக எம்.ஐ.டி.யில் ஏமி புரூக்மன் ‘மீடியாமூ’வை அமைத்தார். இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தில் உருவான ‘பயோமூ’வில் பல நாட்டு உயிரியலாளர்கள் எழுத்தாலான அறைகளில் கூடிக் கருத்தரங்கு நடத்தினர். படமில்லாத உலகில் நடந்த இம்முயற்சிகளைப் பின்வந்தோர் போதிய அளவு மதிக்கவில்லை.

லிண்டன் லேப் 2003-இல் திறந்த ‘செகண்ட் லைஃப்’ முப்பரிமாணமுடையது. அதில் இலக்கும் எதிரியும் இல்லை. நிலத்தை வாடகைக்கு எடுத்து எதை வேண்டுமானாலும் கட்டலாம். நாசாவும் ‘நேச்சர்’ இதழின் பதிப்பகமும் அங்கே தீவுகள் அமைத்தன. டெக்சஸ் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் மேரி ஆன் கிளார்க் உருவாக்கிய ‘ஜீனோம் தீவில்’ மாணவர்கள் மெண்டலின் பட்டாணிச் சோதனையை நடந்து நடந்து செய்தனர்.

மைகா

இத்துறையில் முறையாக நடந்த பெரும் முயற்சி ‘மைகா’ எனச் சுருக்கமாக வழங்கிய கணிப்பிய வானியற்பியல் மெய்நிகர்க் கழகம் (2008–2012). பிரின்ஸ்டன் உயராய்வுக் கழகத்தின் பீட் ஹட், கால்டெக்கின் ஜார்ஜ் ஜார்கோவ்ஸ்கி முதலியோர் இதை நிறுவினர். வாரந்தோறும் ஆய்வுக் கருத்தரங்கும், பொதுமக்களுக்கான சொற்பொழிவும் செகண்ட் லைஃபில் நடந்தன. தொலைபேசிக் கூட்டம் முடிந்தவுடன் இணைப்பு அறுந்துவிடும். இங்கோ சொற்பொழிவுக்குப் பின்னும் அவதார்கள் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தன. ஆய்வுத் தோழமை வளர்வது அந்த நேரத்தில்தான்.

மைகாவின் மற்றொரு பணி தரவுக் காட்சி. வான்பொருள் ஒன்றுக்குப் பல நிறங்களில் ஒளி அளவு, மாறும் தன்மை எனப் பல எண்கள் உண்டு. அவற்றுள் மூன்றை இருப்பிடமாகவும், மற்றவற்றை உருண்டையின் பருமன், நிறம், வடிவம், ஒளிபுகும் தன்மை ஆகவும் மாற்றினால், ஆய்வாளர் குழுவாக அந்தத் தரவுக்குள்ளேயே நடந்து, கூட்டத்தில் ஒட்டாத பொருளைச் சுட்டிக்காட்டலாம். ஆனால் அந்நாளில் செகண்ட் லைஃபில் ஒரு வட்டாரத்தில் 15,000 அடிப்படைப் பொருள்களுக்கு மேல் வைக்க முடியவில்லை. நவீன வான்தேடல் திட்டங்களின் கோடிக்கணக்கான பதிவுகளுக்கு அது எந்த மூலைக்கும் போதவில்லை. ஆகவே இப்பணி ஓப்பன்சிம், யூனிட்டி மென்பொருள்களுக்கு நகர்ந்தது.

கல்வி நிறுவனங்களுக்கு அளித்துவந்த பாதிக் கட்டணச் சலுகையை லிண்டன் லேப் 2010 இறுதியில் நிறுத்துவதாக அறிவித்தது. பல்கலைக்கழகத் தீவுகள் பல அத்துடன் காலியாயின. தொழில்நுட்பக் குறையைவிடச் செலவே பல்கலைக்கழகங்களின் இக்குடியேற்றத்தைச் சாய்த்தது.

உலகங்களே ஆய்வுப்பொருளான கதையும் உண்டு. 2005 செப்டம்பரில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் நிரல் பிழையால் ஒரு கற்பனை நோய் நகரங்களுக்குப் பரவியது. எரிக் லோஃப்கிரனும் நினா ஃபெஃபர்மனும் 2007-இல் அதைக் கொள்ளைநோய்க்கால மனித நடத்தையின் சான்றாக ஆராய்ந்தனர்.

இந்தியாவில்

செகண்ட் லைஃப் உச்சத்தில் இருந்தபோது இந்திய அரசின் வரையறைப்படி விநாடிக்கு 256 கிலோபிட் வேகமே ‘பிராட்பேண்ட்’. முப்பரிமாண உலகம் அதில் ஊர்ந்தது. 2009-இல் தொடங்கிய தேசியத் தகவல் தொழில்நுட்பக் கல்வி இயக்கம் எளிய வழியைத் தேர்ந்தது. ஐ.ஐ.டி. டெல்லியின் ஒருங்கிணைப்பில் ஐ.ஐ.டி.கள், அமிர்தா விசுவ வித்யாபீடம் முதலியவை ‘விர்ச்சுவல் லேப்ஸ்’ சோதனைகளை உருவாக்கின. 100-க்கு மேற்பட்ட ஆய்வகங்கள், 700-க்கு மேற்பட்ட சோதனைகள். சிலவற்றில் தொலைவிலுள்ள மெய்யான கருவியையே இயக்கலாம். உடன் நிற்கும் தோழர் மட்டும் இல்லை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்

இச்சோதனைகளின் பயனையும் குறையையும் தமிழ்நாட்டின் இவ்விரு ஊர்களில் காணலாம். பஞ்சாலை நகரான ராஜபாளையத்தில் ராம்கோ பொறியியல் கல்லூரி (2013) உள்ளது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை செல்லும் சாலையில், கிருஷ்ணன்கோவிலில், கலசலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் உள்ளது; 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தோன்றி 2006-இல் இந்நிலை பெற்றது. 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டபோது இவ்வட்டார மாணவருக்கும் செய்முறை வகுப்பென்று மிஞ்சியவை திரைச் சோதனைகளே. அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் செல்போன். விர்ச்சுவல் லேப்ஸின் பழைய பக்கங்கள் பல செல்போனில் திறக்காத ஃபிளாஷ் மென்பொருளில் எழுதப்பட்டவை. அந்த ஃபிளாஷும் அவ்வாண்டு டிசம்பர் 31-இல் கைவிடப்பட்டது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி மாணவருக்கும், உதவித்தொகை பெறும் சுயநிதிக் கல்லூரி மாணவருக்கும் நாளுக்கு 2 ஜி.பி. இலவச டேட்டாவை மாநில அரசு வழங்கியது.

கலசலிங்கத்தில் செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்தோருக்கெனத் தனிப் பொறியியல் வகுப்பு உண்டு. எழுத்தே பேச்சாக இருந்த பழைய உலகங்கள் இவர்களுக்கு மிக ஏற்றவை. 2007-இல் செகண்ட் லைஃபில் குரல் வசதி வந்தபோது, தாங்கள் ஒதுக்கப்படுவோம் என்று கவலை தெரிவித்தவர்கள் அங்கிருந்த காது கேளாதோர்தாம்.

இன்றைய நிலை

ஃபேஸ்புக் நிறுவனம் 2021 அக்டோபரில் மெட்டா எனப் பெயர் மாறியபின் ஆர்வம் மீண்டது. தமிழ்நாட்டு நாளிதழ்களில் ‘மெட்டாவெர்ஸ்’ பெரிதாக அடிபட்டது, 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்து இணையர் நடத்திய திருமண வரவேற்பால். ஐ.ஐ.டி. மெட்ராஸில் மு. மணிவண்ணன் தலைமையிலான மையம் தொடுவுணர்வையும் மெய்நிகர் காட்சியையும் ஆராய்கிறது. செகண்ட் லைஃப் இன்னும் இயங்குகிறது.