கொல்லிமலை: பெயர் ஆய்வும் மக்கள் சொல்லும் பெயர்க்காரணமும்

நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது கொல்லிமலை. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. சொற்களின் பிறப்பை ஆராய்வோருக்கு இம்மலை நல்லதொரு களம். இங்கே ஏறத்தாழ ஒவ்வொரு முக்கியப் பெயருக்கும் மக்கள் ஒரு காரணக் கதை வைத்திருக்கிறார்கள். அதே பெயர்கள் பழைய இலக்கியத்திலும் பதிவாகியிருப்பதால் கதையையும் சான்றையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது.

புரியாத ஒரு பெயரைத் தெரிந்த சொல்லோடு இணைத்து மக்களே பொருள் கொள்வதற்கு ஜெர்மானிய அறிஞர் ஃபோர்ஸ்டெமான் 1852-இல் ‘மக்கள் சொற்பிறப்பியல்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். தமிழ் இலக்கணம் இந்தச் சிக்கலை வெகு முன்னரே உணர்ந்திருந்தது. ஒரு சொல்லுக்கு அப்பொருள் வந்த காரணம் பார்த்தவுடன் விளங்கிவிடாது என்று தொல்காப்பிய உரியியல் எச்சரிக்கிறது. நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பிரித்து விளக்குகிறது.

‘கொல்லி’ என்ற பெயரையே முதலில் எடுத்துக்கொள்வோம். கொல் என்னும் வினையோடு இகர ஈறு சேர்ந்தால் கொல்லி. ஆட்கொல்லி, பூச்சிக்கொல்லி போன்ற சொற்கள் இன்றும் வழங்குவதால் இந்தப் பிரிப்பு யாருக்கும் உடனே பிடிபடும். காட்டு விலங்கும் காய்ச்சலும் ஏறி வருவோரைக் கொன்றதால் வந்த பெயர் என்பார் உண்டு. சிரித்தே அசுரர்களைக் கொன்ற கொல்லிப்பாவையால் மலைக்குப் பெயர் வந்தது என்பாரே மிகுதி. மலையிலுள்ள எட்டுக்கை அம்மனையே அந்தப் பாவையாக வணங்குவோரும் உண்டு.

சங்கப் பாடல்களில் வரிசை வேறு. அங்கே கொல்லி என்பது முதலில் மலையின் பெயர். சேரருக்கும் ஓரிக்கும் உரிய மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி அகநானூற்றில் இருக்கிறது. பாவையோ நற்றிணையிலும் குறுந்தொகையிலும் தலைவியின் அழகுக்கு உவமையாக வருகிறாள். தெய்வம் வகுத்த வடிவம். காற்று, மழை, இடி எது தாக்கினாலும் அழகு குன்றாதது. அசுர வதையோ கொல்லும் சிரிப்போ அந்தப் பாடல்களில் இல்லை. அது பிற்கால வழக்கு. குலசேகர ஆழ்வார் தம்மைக் கொல்லியின் காவலர் என்று சொல்லிக்கொள்வதும் மலையையே குறிக்கிறது. தேவாரப் பதிகங்களுக்குரிய பண்களில் ஒன்றின் பெயரும் கொல்லி. இலக்கணம் பிரிப்பை அனுமதிக்கிறது என்பதற்காக வரலாறு அதை மெய்ப்பித்துவிட்டதாகக் கொள்ள முடியாது. கதையைத் தள்ளுவதற்கு இந்தக் கால வரிசையே போதும்.

மலையிலுள்ள சிவன் கோயிலின் பெயர் இன்னும் தெளிவான சான்று. அப்பர் பாடலில் கோயில் உள்ள ஊர் அறப்பள்ளி. பள்ளி என்று முடியும் பல தலங்களோடு சேர்த்தே அவர் இதைச் சொல்கிறார். அறப்பள்ளி ஈசுவரர் என்பது பேச்சில் அறப்பளீசுவரர் ஆயிற்று. ளகர ஒற்று ஒன்று போனதும் உள்ளே இருந்த ‘பள்ளி’ கண்ணுக்கு மறைந்தது. அந்த இடத்தில்தான் மீன் கதை நுழைகிறது. மலையில் ஓடும் ஐயாற்றில் பிடித்து அறுத்துச் சமைத்த மீன்கள் மீண்டும் உடல் பொருந்தி நீரில் துள்ளியதாகவும், அறுத்த மீனைப் பொருத்தியவர் அறப்பளீசுவரர் என்றும் சொல்வார்கள். ‘அறு’ என்ற ஓசை பெயரின் முதலெழுத்துகளோடு கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. ஆற்று மீனுக்கு மலைமக்கள் தரும் மதிப்பை அறிய இக்கதை அருமையான சான்று. பெயரின் பிறப்புக்கு அன்று. அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் மலையைச் சதுரகிரி என்று வடமொழியில் அழைப்பது மற்றொரு அடுக்கு.

மலைவாழ் மக்களான மலையாளிகளின் பெயர் வெளியூராரைக் குழப்புகிறது. மலை, ஆள் என்ற சொற்கள் இதில் தெளிவாகவே தெரிகின்றன. ஆனால் கேரளத்தார் பெயரோடு ஒத்திருப்பதால் அங்கிருந்து வந்தவர்கள் என்று கருதிவிடுகிறார்கள். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியர் மூவரின் வழியினர் என்ற இவர்களது மரபுக் கதையை, 1909-இல் வெளியான தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் தொகுதிகள் பதிவு செய்தன.

இத்தகைய சொல்லாய்வின் வரலாற்றில் கால்டுவெல்லின் 1856-ஆம் ஆண்டு ஒப்பிலக்கணம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, ரா. பி. சேதுப்பிள்ளையின் ஊரும் பேரும், பரோ-எமனோவின் 1961-ஆம் ஆண்டுத் திராவிட வேர்ச்சொல் அகராதி ஆகியவை படிக்கற்கள். இம்மலைக்கு அருகிலேயே சேலம் கல்லூரியில் பணியாற்றிய தேவநேயப் பாவாணர் 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலித் திட்டத்தின் பொறுப்பை ஏற்றார்.

மலையில் பழைய நாட்டுப் பிரிவுகளின் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு. கடைசிப் பெயரைக் கேட்டவுடன் ‘வாழ வந்தவர்கள்’ என்று பிரித்து, குடியேற்றக் கதைக்குச் சான்றாக்கத் தோன்றும். வாழவந்தி என்ற ஊர் கீழே சமவெளியிலும் இருப்பதால் பெயர் மட்டுமே அதற்குச் சான்றாகாது. ஆகவே இம்மலையின் ஓடை, காடு, வயல் பெயர்களைச் சேகரிப்போர் உச்சரிப்பையும் ஊரார் சொல்லும் கதையையும் தனித்தனியே எழுதிக்கொள்ளட்டும். பழைய பதிவு எதனோடும் ஒப்பிடாமல் ஒன்றுக்கு மற்றொன்றைச் சான்றாகக் காட்ட வேண்டாம்.