மார்சிலிங்: பெயருக்குள் ஒரு சிற்றூர்

விடுமுறையில் அழகான சிற்றூர் ஒன்றைப் பார்க்க ஆசையா? எம்ஆர்டி ஏறி மார்சிலிங்கில் இறங்குங்க. கண்ணில் படுவது வீவக அடுக்குமாடிகள்தான். சிற்றூர் பெயருக்குள் இருக்கிறது.

ரப்பர், அன்னாசித் தொழிலில் புகழ்பெற்ற லிம் நீ சூனுக்கு (1879–1936) இங்கே தோட்டம் இருந்தது. சீனாவில் அவருடைய முன்னோர் வாழ்ந்த ஊரின் பெயர் அதற்கு வந்தது. தோட்டம் மறைந்தது; பெயர் நிலைத்தது. ஈசூன் என்பதும் அவர் பெயரே.

இப்போ ஒரு கேள்வி. மலாயாவில் பால்மரம் சீவியவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். அவர்களும் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள்தானே? அந்த ஊர்ப்பெயர்கள் எங்கே? தோட்டங்களுக்குத் தமிழில் தாங்களே பேர் வைத்துப் பேசினார்கள். ஆனால் வரைபடத்தில் ஏறியது பெரும்பாலும் நிலத்துக்காரர் வைத்த பெயர். உழைத்தவர் வைத்த பெயர் பேச்சோடு நின்றது.

மாணவர்களே, எந்த இடப்பெயரைப் படித்தாலும் மூன்று கேள்வி கேளுங்க: யார் வைத்தது? ஏன் வைத்தது? யார் வைத்த பெயர் விடுபட்டது? ஆசிரியர்களே, தாத்தா பாட்டியின் ஊர்ப்பெயரைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். வரைபடத்தில் ஏறாத வரலாறு அவர்கள் வாயில்தான் இன்னும் இருக்கிறது.