இணை உணவூட்டல் (மலையகத் தோட்டங்கள்)
6 மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு திட உணவும் கொடுக்கத் தொடங்குவது. தாய்ப்பால் 2 வயதுக்கு அப்பாலும் தொடரலாம். இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் தேயிலைத் தோட்டங்களில் பெரிய சிக்கல் நேரம்தான். 84 நாள் பிரசவ விடுமுறை முடிந்ததும் தாய் கொழுந்து பறிக்கப் போகிறார். குழந்தை பிள்ளைக் காம்பராவிலோ (தோட்டக் குழந்தைகள் காப்பகம்) பாட்டியிடமோ இருக்கும். ஊட்டுவோர் காம்பராப் பணியாளர்களும் பாட்டிகளுமே என்பதால் அறிவுரை அவர்களையும் எட்டியாக வேண்டும். குழைந்த சோறு, பருப்பு, கரட், முட்டை, முள் நீக்கிய மீன் இவற்றைக் கெட்டியாக மசித்துத் தரலாம். நீர்க்கக் கரைத்தால் வயிறு நிறையும், உடல் தேறாது. சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) கூடவே கூடாது: உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது தடுக்கும். 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி தோட்டத்துறையில் 5 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர், நாடளாவிய அளவில் இது 17 சதவீதம். எடை குன்றிய குழந்தைகளுக்குச் சோளமும் சோயாவும் சேர்ந்த திரிபோஷ மாவு கிளினிக்குகளில் இலவசமாக வழங்கப்படுகிறது.