வாய்க்கால் நீரும் வானலையும்: பங்கீட்டு நீதியின் வரலாறு

பற்றாக்குறை உள்ள இடத்திலேதான் பங்கீட்டு முறை தோன்றுகின்றது. வன்னி மக்கள் இதனைக் குளத்து நீரிலே கற்றனர். சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்தின் நீரிருப்புக்கேற்பவே விதைப்புப் பரப்பு வரையறுக்கப்படும். கமக்காரர் கூடியிருக்கும் கூட்டத்தில் அது முடிவாகும். வாய்க்கால்களில் நீர் முறைவைத்து விடப்படும். கையடக்கத் தொலைபேசியின் வரலாற்றிலும் இதே வினா வேறு வடிவில் எழுந்தமை நோக்கற்பாலது.

கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் பணியாற்றிய ஏ. கே. ஏர்லாங் 1909இல் அழைப்புகளின் வருகையைக் கணிதவழி ஆராய்ந்தார். இத்தனை இணைப்புகள் இருப்பின் எத்தனை அழைப்புகள் இடமின்றித் திரும்பும் எனக் கணிக்கும் சூத்திரத்தை 1917இல் வெளியிட்டார். கம்பியை மேலும் இழுக்கலாம். வானலையை அவ்வாறு பெருக்கவியலாது. எனவே நிலத்தைச் சிறு கலங்களாகப் பிரித்து, ஒரே அலைவரிசையைத் தொலைவிலுள்ள கலத்தில் மீளப் பயன்படுத்தும் கருத்து 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் முன்வைக்கப்பட்டது. இலங்கையில் இச்சேவை 1989இல் தொடங்கியது. ஆயினும் போரினால், வன்னியின் பெரும்பகுதியில் 2009இன் பின்னரே கோபுரங்கள் பரவலாக எழுந்தன.

ஜி.எஸ்.எம். முறையில் 200 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையொன்று 8 நேரக்கூறுகளாகப் பகுக்கப்படும். ஒரு கூற்றை இருவருக்குப் பகிர்ந்தால் 16 பேர் பேசலாம். குரலின் தெளிவு குறையும். எல்லோரும் சிறிதளவேனும் விதைக்கும் சிறுபோகம் இது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் பேருந்திற் செல்பவரின் பேச்சு கலம் விட்டுக் கலம் மாறும். அத்தகைய பேச்சுக்கெனச் சில கூறுகளை ஒதுக்கிவைத்தலும் உண்டு. விளைந்துவரும் பயிரை வாடவிடுதல் விதையாமையினும் கொடிதன்றோ! ஆனால் ஒதுக்கீடு மிகுமாயின் புதிதாக அழைப்போர் இடமின்றித் திரும்புவர். நெரிசல் முற்றும்போது, 0 முதல் 9 வரையான 10 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்ட பொதுப் பாவனையாளரிற் சில வகுப்பினரைச் சிறிதுநேரம் தடுத்து, அடுத்து வேறு சிலரைத் தடுக்கலாம். அவசர சேவையினருக்குத் தனி வகுப்பு உண்டு. இதுவும் முறைத் தண்ணீரே.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. குளத்து நீர் குறைந்தால், அதன் காரணத்தைக் கடைசி வாய்க்காற் கமக்காரனும் கூட்டத்திற் கேட்டறிவான். மறுத்துப் பேசவும் செய்வான். அழைப்புக் கிட்டாதவனோ வெறும் ஒலியொன்றையே கேட்கின்றான். பங்கு குறைவது மட்டும் அநீதியாகாது. எந்த விதியாற் குறைந்தது என்பதை அறியாதிருப்பதே அநீதி. நம் குளக்கரைகள் கற்பித்த இப்பாடத்தை வானலையை ஆள்வோரும் கற்றல் வேண்டும்.