அட்டைக்கு விலை கண்டவர்கள்

விற்கிறவன் தன் சரக்குக்குத் தானே ஒரு விலையைக் குறித்துவிட்டு, அதைக் கொடுக்க இசைகிறவன் வரும்வரையில் பொறுத்திருப்பது ஒரு முறை. விலை சொல்லும் பொறுப்பை வாங்குகிறவர்கள் தலையில் சுமத்தி, அவர்களுடைய போட்டியில் விளைவதை விளைந்தபடி ஏற்றுக்கொள்வது மற்றொரு முறை. இரண்டாவதாகிய ஏலம் மிகப் புராதனமானது. கி.பி. 193-ஆம் ஆண்டில் ரோமாபுரியின் மெய்காவற் படையினர் சக்கரவர்த்தியின் சிங்காதனத்தையே ஏலத்தில் விட, டிடியஸ் ஜூலியானஸ் என்னும் செல்வன் அதை எடுத்து, இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமாக ஆண்டு, உயிரையும் பறிகொடுத்தான். யார் கேட்டாலும் ஒரே விலை என்னும் வழக்கமோ, பேரம் பேசுவது பொய் சொல்வதற்குச் சமானம் என்று கருதிய க்வேக்கர் சமயத்தார் பதினேழாம் நூற்றாண்டில் மேற்கொண்ட ஒழுக்கமாகத் தழைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயார்க்கின் அலெக்ஸாண்டர் ஸ்டூவர்ட், பாரிஸின் அரிஸ்டீட் பூசிக்கோ, பிலடெல்பியாவின் ஜான் வானமேக்கர் ஆகியோருடைய பெருங்கடைகளின் வாயிலாக உலக வழக்கமாயிற்று.

சேகரிப்பு அட்டைகளை இணையத்தில் விற்க முனைகிற ஒவ்வொருவரும் இந்த இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்ந்துகொண்டாக வேண்டும். விற்பவருடைய பொறுமையையும் பணமுடையையும் பொறுத்த விஷயம் இது என்று அநேகர் நினைக்கிறார்கள். அந்த வியாபாரத்தின் சரித்திரத்தைப் பார்த்தால், அட்டையின் விலை ஊரறிந்ததா அல்லவா என்பதே இதைப் பெரும்பாலும் தீர்மானித்து வந்திருக்கிறது என்று தோன்றும்.

தொடக்கத்தில் இந்த அட்டைகளுக்கு விலையே கிடையாது. 1880-களில் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்து ஆலன் அண்ட் ஜிண்டர் முதலிய புகையிலைக் கம்பெனியார், மெல்லிய சிகரெட் பொட்டலம் நசுங்காதிருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டையைச் செருகி, வெறும் அட்டையாக விடுவானேன் என்று அதன்மேல் படம் அச்சிட்டார்கள். நடிகைகள், பறவைகள், தேசக் கொடிகள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள் என்று வரிசை வரிசையாக வந்த அப்படங்களைப் பெரியவர்களிடமிருந்து பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சேர்த்தார்கள். தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்கு அந்த ஆசையை விளக்க வேண்டியதில்லை. 1909 முதல் 1911 வரையில் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட ஒரு வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்னும் பிட்ஸ்பர்க் பேஸ்பால் ஆட்டக்காரருடைய படம் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் புகையிலையின் பக்கம் இழுக்கப்படுவதை அவர் விரும்பவில்லை என்பாரும் உண்டு. தமக்குச் சேர வேண்டிய பணம் வராததால் மறுத்தார் என்பாரும் உண்டு. எது எவ்வாறாயினும், சில டஜன் பிரதிகளே தப்பிப் பிழைத்த அந்த அட்டை, பின்னால் இந்த வியாபாரத்துக்கே அளவுகோலாக அமைந்தது.

அட்டைகளுக்கு முதன்முதலில் ஒழுங்கும் விலையும் கற்பித்தவர்களில் தலைசிறந்தவர் நியூயார்க் மாகாணத்துச் சிரக்யூஸ் நகரில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜெபர்சன் பர்டிக். மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிக்கொண்டிருக்க, பிரமசாரியாக வாழ்ந்த அந்த மனிதர், அமெரிக்காவில் வெளிவந்த அட்டைகளையெல்லாம் வகைப்படுத்தி, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு ஓர் எழுத்து, இருபதாம் நூற்றாண்டினதற்கு வேறோர் எழுத்து, மிட்டாய், சூயிங்கம் அட்டைகளில் பழையவற்றுக்கு ஒன்று, பிந்தியவற்றுக்கு ஒன்று என்று குறியீடு அமைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விலையும் அச்சிட்டுப் பட்டியல் நூலாக வெளியிட்டார். வாக்னர் அட்டை உள்ள வரிசையை இன்றும் டி 206 என்று அழைப்பது அவர் இட்ட பெயரால்தான். சாதாரண அட்டைகளுக்குச் சில சென்ட்டுகளும் வாக்னருக்கு ஐம்பது டாலரும் அவர் போட்ட மதிப்பு. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தம் சேகரத்தை நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்துக்கு அவர் தானமாக அளித்தார். அளித்ததோடு நில்லாமல், பல்லாண்டுகள் அங்கேயே உட்கார்ந்து அட்டைகளைத் தம் கையாலேயே ஆல்பங்களில் ஒட்டி, அந்தப் பணி முடிந்த 1963-ஆம் ஆண்டிலேயே மறைந்தார். அட்டையைக் கொண்டு அவர் பணம் சேர்க்கவில்லை. ஆயினும் பின்னால் வந்த பணமெல்லாம் அவர் வகுத்த பாதையில்தான் வந்தது. பெயரும் எண்ணும் இல்லாத ஒரு வஸ்துவைத் தபால் மூலம் கேட்டு வாங்குவது எங்ஙனம்?

இங்கிலாந்தில் இந்தக் காரியத்தை ஒரு கடையே செய்தது. 1927-இல் கர்னல் சார்லஸ் லேன் பாக்னல் தோற்றுவித்த லண்டன் சிகரெட் கார்டு கம்பெனி, விலைப் பட்டியல் அச்சிட்டு அந்த விலைக்கே அட்டைகளை விற்றது. பட்டியல் விலைக்குள் அடங்காத சரக்குகளைத் தபால் ஏலத்தில் விட்டது. ஒரே கடைக்குள் இரண்டு முறைகளும் சண்டையின்றிக் குடியிருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

தபால் ஏலத்தை அட்டைக்காரர்கள் தபால்தலைக்காரர்களிடமிருந்து சுவீகரித்தார்கள். வெளியூரிலிருந்து கடிதம் மூலம் கேட்பவர் தம் உச்ச வரம்பைத் தெரிவித்துவிட்டால், அவருக்கு அடுத்தபடி கேட்டவருடைய தொகையை ஒட்டியே அவரிடம் பணம் வசூலிப்பது என்னும் நேர்த்தியான ஏற்பாடு, 1893-லேயே அமெரிக்கத் தபால்தலை ஏலங்களில் இருந்திருக்கிறது. வில்லியம் விக்ரி என்னும் பொருளியல் அறிஞர் 1961-இல் அதன் தத்துவத்தைக் கணித முறையில் நிறுவி, 1996-இல் நோபல் பரிசும் பெற்றார். வியாபாரிகள் எழுபது வருஷங்களாக அனுசரித்த யுக்திக்குச் சாஸ்திரம் பின்னால் வந்து முத்திரை வைத்தது.

அட்டையின் விலை உண்மையில் ஊரறிந்த விஷயமானது இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். புள்ளியியல் பேராசிரியராகிய ஜேம்ஸ் பெக்கெட், எந்த அட்டை எங்கே என்ன விலைக்குப் போயிற்று என்று சேகரிப்போரிடமே விசாரித்துத் தொகுத்து, 1979-இல் விலைக் கையேடாகவும் 1984 முதல் மாதப் பத்திரிகையாகவும் வெளியிட்டார். கடைக்காரன் ஒரு பக்கமும் பள்ளிச் சிறுவன் மறுபக்கமும் அதே பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு நிற்கும் நிலை ஏற்பட்டது. 1991-இல் தோன்றிய பி.எஸ்.ஏ. என்னும் ஸ்தாபனம் அட்டையின் மூலை, விளிம்பு, மேற்பரப்பு முதலியவற்றைப் பரிசோதித்து, ஒன்று முதல் பத்து வரையில் மதிப்பெண் கொடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டுத் தந்தது. விலையும் அச்சில் உண்டு, தரமும் அச்சில் உண்டு என்றான பிறகு, கண்ணால் பாராமலேயே வாங்கலாம், விற்கலாம். இணையச் சந்தை பிறப்பதற்கு முன்னமேயே அதற்கு வேண்டிய நிலம் இவ்வாறு உழுது வைக்கப்பட்டிருந்தது.

அந்தச் சந்தை, 1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் கலிபோர்னியாவில் தொடங்கிய ஏலத்தளமாகப் பிறந்தது. உடைந்துபோன ஒரு லேசர் குறிகாட்டி 14.83 டாலருக்கு அங்கே விலைபோயிற்று. இரண்டு ஆண்டுகளில் ஈபே என்னும் பெயர் பெற்ற அந்தத் தளத்தில் தொடக்கத்தில் எல்லாம் ஏலமே. வாங்குபவர் தம் உச்ச வரம்பைச் சொல்லிவிட்டால் போதும். எதிரிக்கு மேல் ஒரு படி மட்டும் ஏற்றி யந்திரமே அவருக்காகக் கேட்கும். தபால்தலைக்காரர்களின் பழைய ஏற்பாடே புது வேஷத்தில் வந்திருந்தது.

ஆயினும் குறித்த நொடியில் ஏலம் முடிந்துவிடும் என்னும் விதி ஒரு பழைய தந்திரத்துக்கு உயிர் கொடுத்தது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓர் அங்குல மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, அது அணையும் கணத்தில் கடைசியாகக் கேட்டவருக்கே பொருள் என்று ஏலம் விடுவார்கள். 1662-இல் அவ்வாறு நடந்த ஓர் ஏலத்தைக் கண்ட சாமுவேல் பீப்ஸ், சுடர் அணைவதற்குச் சற்று முன் புகை கீழ்நோக்கி இறங்குவதைக் கவனித்து, அந்தக் கணத்தில் கேட்டுச் சரக்கைத் தட்டிக்கொண்டு போன ஒரு சாமர்த்தியசாலியைப் பற்றித் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஈபேயில் கடைசிச் சில நொடிகளில் பாய்ந்து கேட்பவர் அந்த மனிதருடைய வாரிசேயாவர். 1999-இல் அமேசான் கம்பெனி நடத்திய ஏலத்தில், கடைசிப் பத்து நிமிஷத்துக்குள் யாரேனும் கேட்டால் காலம் தானே நீளும் என்று விதி வைத்தார்கள். ஆல்வின் ராத், ஆக்ஸல் ஒக்கன்பெல்ஸ் ஆகிய இரு அறிஞர் இரு தளங்களையும் ஒப்பிட்டு, காலம் நீளும் இடத்தில் கடைசி நேரப் பாய்ச்சல் மிகக் குறைவு என்று கண்டார்கள். விலைமதிப்புள்ள அட்டைகளை விற்கும் பெரிய ஏலக்கடைகள் பலவும் நீளும் முறையையே கைக்கொண்டிருப்பது நியாயமே.

இதே காலத்தில் அட்டைகள் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் போயின. 1993-இல் ரிச்சர்ட் கார்பீல்ட் உருவாக்கிய மேஜிக் என்னும் சீட்டாட்டத்தின் அட்டைகளை வாங்கி, டேவிட் லக்கிங்-ரைலி என்னும் பொருளியலாளர் இணையத்தில் நான்கு விதமான ஏலங்களில் விட்டுப் பார்த்தார். விலையை மேலே வைத்துக்கொண்டு நாளுக்கு நாள் இறக்கி வரும் டச்சு முறை, உறையிட்டுக் கேட்கும் முறையைக் காட்டிலும் சுமார் 30 சதவிகிதம் அதிகம் ஈட்டிற்று. இவ்விரண்டும் சமமாகவே இருக்க வேண்டும் என்பது புத்தகம் சொன்ன சித்தாந்தம். ஆயினும் அட்டை வியாபாரத்தில் நிலைத்தது ஏறும் ஏலமே.

ஏலம் சத்தியத்தை வெளிப்படுத்தும் என்னும் நம்பிக்கைக்கும் ஒரு பெரிய அடி விழுந்தது. வாக்னர் அட்டைகளில் மிக அழகிய பிரதி ஒன்று, 1991-இல் சாதபீஸ் ஏலத்தில் 4,51,000 டாலருக்குப் போய், பி.எஸ்.ஏ. மதிப்பெண் இட்ட முதல் அட்டை என்னும் கௌரவத்தோடு எட்டு மதிப்பெண்ணும் பெற்று, 2000-ஆம் ஆண்டில் ஈபே ஏலத்திலே 12,65,000 டாலரை எட்டியது. அட்டை உலகின் மிகப் பெரிய ஏலக்காரராக விளங்கிய பில் மாஸ்ட்ரோ, 2013-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்த அட்டையின் விளிம்பைத் தாமே கத்தரித்ததையும், தம் கடையின் ஏலங்களில் கள்ளக் கேள்வி கேட்டு விலை ஏற்றியதையும் சேர்த்தே ஒப்புக்கொண்டார். 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. எதிரே நின்று கேட்பவன் மெய்யாக வாங்க வந்தவன்தானா என்று தெரியாத இடத்தில், போட்டியில் விளைந்த விலை என்பதற்கு என்ன பொருள்? குறித்த விலையிலும் பேராசை உண்டு. ஆனால் அது முகத்துக்கு நேரே நிற்கும் பேராசை.

ஈபேயும் 2000-ஆம் ஆண்டின் இறுதியிலேயே, ஏலத்துக்குக் காத்திராமல் உடனே வாங்கிக்கொள்ள ஒரு வழியைத் திறந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் குறித்த விலை அத்தளத்தில் ஏலத்தை மிஞ்சியது. லிரான் ஐனாவ் முதலிய பொருளியலாளர் அத்தளத்தின் கணக்குகளையே ஆராய்ந்து, ஒரே பொருளை ஒரே வியாபாரி இரு முறைகளிலும் விற்கும்போது, ஏலத்தில் விலைபோகும் வாய்ப்பு அதிகம், கிடைக்கும் தொகை குறைவு என்று காட்டினார்கள். மேஜிக், போக்கிமான் அட்டைகளின் சில்லறை வியாபாரம் பெருமளவில் பெர்லினின் கார்டுமார்க்கெட், அமெரிக்காவின் டிசிஜி பிளேயர் போன்ற குறித்த விலைச் சந்தைகளுக்குச் சென்றது. ஆயிரம் பேர் வைத்திருக்கும் அட்டைக்கு ஏழு நாள் ஏலம் எதற்கு? அந்த வாரத்தில் இரண்டு பேர் எட்டிப் பார்க்காவிட்டால், ஒரு டாலர் அட்டை பத்து சென்ட்டுக்குப் போய்விடும்.

2022 ஆகஸ்டில் நடந்த மூன்று வியாபாரங்கள் இந்த விஷயத்தைத் தெளிவாக்கும். டாப்ஸ் கம்பெனி 1952-இல் வெளியிட்டு, விலைபோகாமல் தேங்கிய கட்டுகளை 1960-இல் கப்பலேற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிய வரிசையைச் சேர்ந்த மிக்கி மாண்டில் என்னும் பேஸ்பால் ஆட்டக்காரருடைய அட்டை ஒன்று, அதற்கு ஈடான பிரதி வேறு எதுவும் சந்தைக்கு வராத நிலையில், ஹெரிடேஜ் ஏலத்தில் 126 லட்சம் டாலருக்குப் போயிற்று; எவ்வளவு பெறும் என்று எந்தப் பட்டியலும் சொல்லியிருக்க முடியாது. ஒரு வாக்னர் அட்டையோ ஏலமின்றி, பேசி முடித்த விலையாக 72,50,000 டாலருக்குக் கைமாறியது; வேறொரு வாக்னர் முந்திய ஆண்டு ஏலத்தில் 66 லட்சம் டாலருக்கு மேல் பெற்று, விற்றவர், வாங்கியவர் இருவருக்கும் வழி காட்டியிருந்தது. அந்த மாதமே, ஏலத்தால் பிறந்து வளர்ந்த ஈபே, பர்டிக் வாழ்ந்த அதே சிரக்யூஸ் நகரத்து டிசிஜி பிளேயர் சந்தையை 29.5 கோடி டாலர் வரையில் கொடுத்து வாங்க உடன்பட்டதாக அறிவித்தது.

ஆகையால் அட்டை விற்க உட்காருகிறவர், அதே அட்டை, அதே மதிப்பெண்ணில், சென்ற சில மாதங்களில் எத்தனை முறை விற்றது என்பதை முதலில் பார்ப்பாராக. பல முறை விற்றிருந்தால் அந்த விலையை எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். அவசரமாகப் பணம் வேண்டியிருந்தால் மட்டும், சற்றுக் குறைந்தாலும் சரி என்று ஏலத்துக்குப் போகலாம். ஒன்றிரண்டு முறைதான் விற்றது, அல்லது விற்றதே இல்லை என்றால், கேட்பவர் கூட்டம் உள்ள ஏலக்கடைக்கு அதைக் கொண்டுபோவதே சரி. எப்படியாயினும், மற்றவர்கள் தங்கள் அட்டைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் விலையை நம்ப வேண்டாம். உண்மையில் பணம் கைமாறிய விலையை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.